நடுச்சுவரின் இரு பக்கங்கள்: விக் கிராமத்துப் புனித மார்ட்டின் கோயில்

பிரான்சின் நட்டநடுவில், பெரி என்று பழம்பெயர் பெற்ற நிலப்பகுதியில், அந்த்ர் மாவட்டத்தில் நோஆன்-விக் என்ற ஊர் இருக்கிறது. நோஆன், விக் என்ற இரண்டு சிற்றூர்கள் சேர்ந்த ஊராட்சி. மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்நூறு. நோஆனில் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் வாழ்ந்த மாளிகை உள்ளது. அதைப் பார்க்க ஆண்டு முழுவதும் கூட்டம் வருகிறது. வருபவர்களில் ஒரு பகுதியினரே விக் வரைக்கும் போகிறார்கள். அங்கே புனித மார்ட்டின் பெயரில் ஒரு பங்குக் கோயில் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பெரி வட்டாரத்தின் நூற்றுக்கணக்கான கிராமக் கோயில்களில் அதுவும் ஒன்று. தடித்த கற்சுவர், சின்னச் சன்னல்கள், கிழக்கே அரைவட்டமாக முடியும் ஒரு கோடி, அவ்வளவுதான். உள்ளே 12ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் இருக்கின்றன. பிரான்சில் இன்று எஞ்சியிருக்கும், கோதிக்குக்கு முந்திய ரோமனெஸ்க் பாணி ஓவியத் தொகுதிகளில் முதல் வரிசையில் வைக்க வேண்டிய தொகுதி அது.

ஓவியங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவை எந்தச் சுவரில், யாருடைய கண்ணுக்கு எதிரில் தீட்டப்பட்டன என்பதை அந்த அளவுக்கு யாரும் அழுத்திக் கேட்பதில்லை. விக் கோயிலைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்விதான் திறவுகோல் என்று நினைக்கிறேன்.

இடைக்காலக் கோயில் ஓவியம் என்றதும் ஒரு விளக்கம் உடனே வந்து நிற்கும்: எழுத்தறியாத மக்களுக்கு அவைதாம் வேதாகமம். இந்தக் கருத்துக்கு நல்ல வயதாகிறது. மார்செய் நகரத்து ஆயர் செரேனுஸ், மக்கள் படங்களை வணங்குகிறார்கள் என்று கோபம் கொண்டு தம் கோயில்களில் இருந்தவற்றை உடைத்தார். அவருக்குத் திருத்தந்தை பெரிய கிரகோரி கி.பி. 599இலும் 600இலும் கடிதங்கள் எழுதினார். படிக்கத் தெரிந்தவர் நூலில் பெறுவதைப் படிக்கத் தெரியாதவர் சுவரில் பெறுகிறார், அதனால் படங்களை அழிக்கலாகாது என்பது அவற்றின் சாரம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக இந்த வாதம் பாடநூல்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் சொல்லப்பட்டு வருகிறது. விக் கோயிலுக்குள் நின்று பார்க்கும்போது இது பாதி உண்மைதான் என்று தெரிகிறது. அங்கே ஓவியங்களில் பெரும்பங்கு ஊர்மக்கள் நிற்காத இடத்தில் இருக்கிறது.

கட்டடத்தின் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்கிலிருந்து கிழக்காக மூன்று பகுதிகள் வரிசையாக நிற்கின்றன. முதலில் மக்கள் கூடம்: பக்கக் கூடங்களோ தூண் வரிசைகளோ இல்லாத ஒற்றை அறை. அடுத்து, குரு நின்று வழிபாடு நடத்தும் பீடக்கூடம். கடைசியில் பீடத்தின் பின்னால் அரைக்கோள விதானத்தோடு முடியும் அரைவட்டக் கோடி. சிறிய ரோமனெஸ்க் கிராமக் கோயில்கள் பலவற்றுக்கும் இந்த வைப்புமுறை பொதுவானது. ஆனால் பெரும்பாலான கோயில்களில் மக்கள் கூடத்துக்கும் பீடக்கூடத்துக்கும் இடையே அகன்ற வளைவு ஒன்றுதான் எல்லை; நின்ற இடத்திலிருந்தே பீடம் முழுதாகத் தெரியும். விக்கில் அந்த இடத்தில் ஒரு முழுச்சுவர் எழும்பியிருக்கிறது. அதன் நடுவே வளைவு வைத்த திறப்பு. அந்தத் திறப்பு காட்டும் அளவுக்குத்தான் கூடத்தில் நிற்பவர் உள்ளே பார்க்க முடியும்.

இந்த நடுச்சுவரின் இரு முகங்களிலும், பீடக்கூடத்தின் மற்றச் சுவர்களிலும், அரைவட்டக் கோடியிலும் ஓவியங்கள் நிறைந்திருக்கின்றன. மக்களைப் பார்த்திருக்கும் முகத்தில் மேலே, வாதுமை வடிவ ஒளிவட்டத்துக்குள் கிறிஸ்து அரசராக வீற்றிருக்கிறார். அவருக்குக் கீழே, கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் குழந்தையை வணங்கும் காட்சி, குழந்தையைக் கோயிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கும் காட்சி, இறந்த உடலைச் சிலுவையிலிருந்து இறக்கும் காட்சி முதலியவை. நற்செய்தியின் தொடக்கமும் முடிவும் தீர்ப்பு நாளின் ஆண்டவரும் ஒரே சுவரில் அமைந்துவிடுகின்றன. ஒருவருக்கு ஆண்டு முழுவதும் கண்முன் இருக்க வேண்டியவை இவைதான் என்று யாரோ யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கிரகோரி சொன்ன பாடம் இந்த முகத்துக்கு நன்றாகப் பொருந்தும்.

திறப்பைக் கடந்து உள்ளே போனால் கதை சொல்லும் முறையே மாறிவிடுகிறது. கழுதைமேல் எருசலேமுக்குள் நுழையும் இயேசு, இறுதி இராவுணவு, சீடர்களின் பாதங்களைக் கழுவுதல், யூதாசின் முத்தம், சிலுவை சுமத்தல் என்று பாடுகளின் வாரம் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கிறது. கூடவே, கூடத்து மக்களுக்கு எளிதில் விளங்காத ஒரு காட்சியும் உண்டு. வானதூதர் பீடத்திலிருந்து நெருப்புத் தணலைக் குறட்டால் எடுத்து இறைவாக்கினர் எசாயாவின் உதடுகளைத் தொட்டுத் தூய்மைப்படுத்துகிறார். எசாயா நூலின் ஆறாம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சி இது. திருச்சபைத் தந்தையர் காலத்திலிருந்தே இந்தத் தணலை நற்கருணைக்கு முன்னடையாளமாகப் பொருள்கொள்ளும் மரபு உண்டு. நாள்தோறும் அதே இடத்தில் நின்று அப்பத்தைக் கையில் எடுத்து உதட்டில் வைத்தவர் குரு. அவருடைய உதடுகளைப் பற்றிய படம் அவருக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது.

விக்கையும் அதன் அண்டைப் பகுதிக் கோயில்களையும் ஆராய்ந்து அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் மார்சியா கப்ஃபர் 1993இல் ஒரு நூல் வெளியிட்டார். நடுப் பிரான்சின் ரோமனெஸ்க் சுவரோவியங்களில் கதை சொல்லப்படும் முறைக்குள் இருக்கும் அரசியலே அந்நூலின் பொருள். ஓவியங்களை அவை இருக்கும் கட்டடத்திலிருந்தும் அங்கு நடந்த வழிபாட்டிலிருந்தும் பிரிக்காமல் படிக்க வேண்டும் என்ற வழியை அது திறந்தது. இந்தக் கட்டுரையின் பார்வை அந்த வழிக்குக் கடன்பட்டது.

ஒரு கிராமக் கோயிலில் குருவையும் குடியானவரையும் பிரிக்க இவ்வளவு பெரிய சுவர் எதற்கு? விடை தேட விக்கை விட்டுச் சற்றே வெளியே போக வேண்டும். பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் பிரான்சின் கிராமக் கோயில்கள் பல, வட்டாரப் பிரபுக்களின் சொத்தாக இருந்தன. கோயிலைக் கட்டிய குடும்பம் பத்தில் ஒரு பங்கு வரியை வாங்கியது; குருவையும் தானே அமர்த்தியது. திருத்தந்தை ஏழாம் கிரகோரியின் பெயரால் அறியப்படும் சீர்திருத்த இயக்கம் பதினோராம் நூற்றாண்டின் பிற்பாதியில் இதை எதிர்த்தது. பொதுநிலையாரின் கையில் கோயில் இருக்கக் கூடாது, குருக்கள் மணம் செய்யக் கூடாது, பதவிகளை விற்கக் கூடாது என்று அது ஆணையிட்டது. கோயில்களைப் பிரபுக்கள் விட்டுக்கொடுத்தபோது அவற்றில் பல மடங்களிடம் போய்ச் சேர்ந்தன. விக் கோயிலும் தெயோல் மடத்துக்கு உடைமையாயிற்று.

தெயோல் சிறிய மடமல்ல. ஷாத்தோரூ நகருக்குப் பக்கத்தில், எப் என்ற பிரபு 917இல் நிறுவியது. புகழ்பெற்ற க்ளூனி மடத்தின் முதல் தலைவரான பெர்னோவே இதற்கும் முதல் தலைவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியின் செல்வமிக்க மடமாகவும் கற்சிற்பத்தில் பெயர் பெற்ற இடமாகவும் அது வளர்ந்துவிட்டது. குருவின் தூய்மையையும் தனிநிலையையும் வற்புறுத்திய காலத்தில், ஒரு மடத்தின் ஆளுகையிலிருந்த ஊர்க்கோயிலில் குருவின் இடம் சுவரால் பிரிக்கப்பட்டு, அந்த இடத்தின் சுவர்களில் குருவுக்குரிய படங்கள் தீட்டப்பட்டன. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது ஊகம்தான், ஆனால் வலுவான ஊகம்.

அதே காலத்தில் நற்கருணையைப் பற்றிய சச்சரவும் சூடாக நடந்தது. தூர் நகரில் பள்ளித் தலைவராக இருந்த பெரங்கார், அப்பமும் இரசமும் தம் இயற்பொருளில் மாறுவதில்லை என்று கற்பித்தார். 1059இலும் 1079இலும் உரோமையில் அவரைத் தம் கருத்தைக் கைவிட வைத்தார்கள். அவர் 1088இல் இறந்தார். விவாதம் அவரோடு இறக்கவில்லை. அப்பம் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலாகிறது என்ற போதனை 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கத்தில்தான் ஆணைமொழி பெற்றது. ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது நற்கருணை பெற வேண்டும் என்று அதே சங்கம் சட்டமாக்கியது. அப்படிச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே மக்கள் எவ்வளவு அரிதாக அதைப் பெற்றார்கள் என்று தெரிகிறது. எழுந்தேற்றம், அதாவது குரு அப்பத்தை உயர்த்தி எல்லோருக்கும் காட்டும் வழக்கம், பாரிசில் பரவியது 1200ஐ ஒட்டித்தான். விக்கின் ஓவியங்கள் அதற்கு முந்தியவை. அக்காலத்து விக் குடியானவர், சுவருக்கு அப்பால் முதுகைக் காட்டி நிற்கும் குருவின் இலத்தீன் முணுமுணுப்பைக் கேட்டபடி நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டுதான், கோயில்களில் பெஞ்சுகள் வந்தது இடைக்காலத்தின் பிற்பகுதியில். சுவர் மறைத்த அந்த மறைபொருளுக்கு ஈடாக அவருக்குக் கிடைத்தது, சுவரின் இந்தப் பக்கத்து ஆண்டவர்.

அதற்காக ஊர்மக்கள் உள்ளே இருந்த எதையும் பார்த்ததில்லை என்று நான் சொல்லவில்லை. திறப்பு வழியே அரைவட்டக் கோடியின் ஒரு பகுதி தெரியும். திருமுழுக்கு, திருமணம், அடக்கம், காணிக்கை என்று சிலர் நெருங்கி வந்திருப்பார்கள். ஆனால் நடுச்சுவரின் பின்முகம் கூடத்தில் நிற்கும் எவர் கண்ணுக்கும் படாது. அதைத் தீட்டச் சொன்னவருக்கும் தீட்டியவருக்கும் இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் முன்முகத்துக்குச் செய்த அதே கவனத்தோடு அதையும் தீட்டியிருக்கிறார்கள்.

மேற்கே புவாத்து வட்டாரத்தில், கார்தான்ப் ஆற்றங்கரையில் இருக்கும் சான் சவான் மடக்கோயிலோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். ரோமனெஸ்க் ஓவியம் என்றதும் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் அதுதான். 1983இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. அங்கே பளிங்குபோல் வண்ணம் பூசிய உயரமான தூண்கள் நீண்ட வளைகூரையைத் தாங்குகின்றன. கூரையின் மூன்று கண்களுக்குப் பிறகு குறுக்கு வளைவுகளே இல்லை. பரப்பு தடையின்றி ஓடுகிறது. அதில் உலகப் படைப்பிலிருந்து மோசே வரை பழைய ஏற்பாட்டுக் கதைகள் வருகின்றன. நோவாவின் பேழை, பாபேல் கோபுரம், ஆபிரகாம், யோசேப்பு என்று எல்லாம் தலைக்கு மேலே, ஏறத்தாழ 17 மீட்டர் உயரத்தில். எல்லோருக்கும் பொதுவாகத் திறந்திருக்கும் ஓவியம், ஆனால் தொலைவால் மங்கிய ஓவியம். விக்கில் நிலைமை நேர்மாறு. படங்கள் கண்ணுக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கின்றன. அங்கே போய் நிற்க உரிமைதான் எல்லோருக்கும் இல்லை. இரண்டு கோயில்களுக்கும் 'பாமரரின் வேதாகமம்' என்று ஒரே பட்டத்தைச் சூட்டுவது சோம்பல்.

விக்கின் ஓவியர் யாரென்று ஏட்டில் இல்லை. கலை வரலாற்றில் அவரை விக்கின் ஆசான் என்றே குறிக்கிறார்கள். அவருடைய கையை அடையாளம் காண்பது கடினமல்ல. உருவங்கள் பெரியவை, கட்டத்துக்குள் அடங்காமல் முட்டிக்கொண்டு, வளைந்து சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. கண்கள் அகன்றவை. ஆடை மடிப்புகள் உடலின் அசைவைப் பின்பற்றாமல் தமக்கென்று ஓர் ஓட்டத்தில் ஓடும் கோடுகள். யூதாசின் முத்தத்தைப் பாருங்கள்: கூட்டம் இருபுறமும் நெருக்குகிறது, ஆயுதங்கள் தலைகளுக்கு மேலே எழுகின்றன, நடுவில் இரண்டு முகங்கள் ஒட்டிக்கொள்கின்றன. இயக்கம் முழுவதும் அந்த ஒட்டலை நோக்கித்தான். அளந்து வரைந்த நளினம் சான் சவானில் உண்டு. விக்கில் இருப்பது வேகம். இந்த இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால், துன்பத்தின் கதைக்கு விக்கின் வேகமே பொருத்தம் என்பேன்.

வண்ணங்கள் சொற்பம். மஞ்சள் காவி, செங்காவி, சுண்ண வெள்ளை, கரி முதலிய எளிய பொருள்களே இந்த வகை ஓவியத்துக்கு அடிப்படை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோஃபிலஸ் என்ற துறவி எழுதிய கைவினை நூலில் சுவரில் வரையும் முறை விளக்கப்பட்டிருக்கிறது. காய்ந்த சுவரைத் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும்; நிறங்களைச் சுண்ணாம்போடு கலந்து, ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மீண்டும் கல்லாக இறுகும்போது நிறமும் அதனோடு பிடித்துக்கொள்ளும். புதுப்பூச்சின்மேல் வரைவதைவிட இந்த முறை சற்றே வலுக்குறைந்தது. பிற்காலத்தில் மேலே அடித்த வெள்ளையைச் சுரண்டும்போது நிறமும் சேர்ந்து வந்துவிடும் ஆபத்து அதிகம். ஐரோப்பாவின் கிராமக் கோயில் ஓவியங்கள் பல, கண்டுபிடித்தவரின் அவசரத்தால் பாதி அழிந்தது இப்படித்தான்.

அரைவட்டக் கோடிக்கு வருவோம். அங்கே கோயிலின் பாதுகாவலர் மார்ட்டினின் கதை இருக்கிறது. மார்ட்டின் பன்னோனியாவில் பிறந்து உரோமைப் படையில் பணிசெய்தவர். ஆமியான் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலங்கியைப் பாதியாக வெட்டிக் கொடுத்த காட்சியில்தான் உலகம் அவரை அறியும். பிறகு புவாத்தியேவுக்கு அருகே லிகுழேயில் துறவியாக வாழ்ந்தார். 371இல் தூர் நகரின் ஆயரானார். 397 நவம்பரில் காந்த் என்ற ஊரில் இறந்தார். விக்கின் ஓவியர் இங்கே காட்டுவது அவருடைய சாவையும் அதற்குப் பின் நடந்ததையும்.

கதையை ஆறாம் நூற்றாண்டில் தூர் ஆயர் கிரகோரி எழுதிவைத்திருக்கிறார். மார்ட்டின் இறந்ததும் புவாத்தியே மக்களும் தூர் மக்களும் உடலுக்காகச் சண்டையிட்டார்கள். எங்கள் ஊரில்தான் துறவியாக இருந்தார் என்றது ஒரு தரப்பு. எங்களுக்குத்தான் ஆயர் என்றது மறு தரப்பு. பொழுது சாய்ந்தது. உடலை அறையில் வைத்துப் பூட்டி இரு தரப்பும் காவலிருந்தன. நள்ளிரவில் புவாத்தியேக்காரர்கள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். தூர்க்காரர்கள் உடலைச் சன்னல் வழியே வெளியே இருந்தவர்களிடம் கொடுத்து, படகில் ஏற்றி, வியன் ஆற்றில் இறங்கி லுவார் ஆற்றுக்குள் புகுந்து தங்கள் நகருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பாட்டொலி கேட்டு விழித்தவர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள்.

விக்கின் சுவரில் அந்தச் சன்னலும் உடலைத் தூக்கும் கைகளும் இருக்கின்றன. புனிதருடைய எலும்பு ஓர் ஊருக்கு யாத்திரிகர்களையும் வருமானத்தையும் மரியாதையையும் கொண்டுவந்த காலம் அது. புனிதரின் விருப்பம் இல்லாமல் அவர் உடல் இடம்பெயராது என்று நம்பியதால் அந்தத் திருட்டே அருளின் சான்றாகிவிட்டது. குருவுக்குரிய பகுதியின் மிக உள்ளே, பீடத்தையொட்டி, ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றும் கதையை வைத்திருக்கிறார்கள். பீடத்தில் புனிதரின் திருப்பண்டம் இருக்க வேண்டும் என்ற வழிபாட்டு மரபை நினைவில் கொண்டால் இடத்தேர்வு இயல்பாகவே படும். பரலோகத்தை நெருங்கும் இடத்தில் புனிதரின் உடல் நிற்கிறது, அதற்கு மேலே விதானத்தில் மகிமையின் கிறிஸ்து இருக்கிறார்.

பெரியில் ஓவியமுள்ள சிறு கோயில்கள் வேறும் உண்டு. ஷேர் மாவட்டத்தில் பிரினே கோயிலின் பீடக்கூடம், அந்த்ர் மாவட்டத்தில் கார்ழிலேஸ் கோயிலின் நிலவறை ஆகியவை அவற்றில் குறிப்பிடத்தக்கவை. மற்ற இடங்களில் எவ்வளவோ அழிந்த பிறகு இங்கே மட்டும் ஏன் தங்கின? முதல் காரணம் வறுமை. 1195ஐ ஒட்டி பூர்ழ் நகரில் புதிய பேராலயம் எழத் தொடங்கியது. கண்ணாடிச் சன்னல்களும் கூர்வளைவுகளும் கொண்ட கோதிக் பாணி அந்தத் தலைமுறையின் ஆசையானது. பணமுள்ள பங்குகள் பழைய கோயில்களை இடித்து புதுப் பாணியில் கட்டின. சன்னலைப் பெரிதாக்க ஓவியச் சுவர்களை உடைத்தன. விக் போன்ற பங்குகளுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. பழசாகிப்போன படங்களை மறைக்க வேண்டும் என்று தோன்றியபோது ஊரால் முடிந்த மலிவான வேலை வெள்ளையடிப்பதுதான். சுண்ணாம்பு ஏறிய சுவரில் படங்கள் பத்திரமாக உறங்கின.

மடங்களின் கதி வேறு. ஷாத்தோரூவின் பிரபுவான கொந்தே இளவரசர் ஹென்றியின் காலத்தில், 1622இல், தெயோல் மடம் கலைக்கப்பட்டது. அதன் பெருங்கோயில் கல்லுக்காகப் பெயர்க்கப்பட்டுக் கற்சுரங்கமாயிற்று. இன்று மணிக்கூண்டும் சில இடிபாடுகளும்தான் மிச்சம். தூர் நகரில் மார்ட்டினின் கல்லறைமேல் நின்ற மாபெரும் பசிலிக்காவை 1562இல் ஹியூகனாட்டுகள் என்ற பிரெஞ்சுப் புராட்டஸ்டாந்தியர் சூறையாடி, திருப்பண்டங்களை எரித்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1797இல் அதன் விதானம் விழுந்தது; எஞ்சியதை இடித்து நடுவே தெரு போட்டார்கள். க்ளூனியின் பெருங்கோயிலும் 1798 முதல் கால் நூற்றாண்டுக் காலம் கல் கல்லாக விற்கப்பட்டது. விக்கை ஆண்ட மடம், விக் கொண்டாடிய புனிதரின் ஆலயம், அந்த மடத்துக்கு முன்மாதிரியான க்ளூனி மூன்றும் போய், கிராமத்துக் கோயில் மட்டும் நிற்கிறது. பிரான்சின் ரோமனெஸ்க் மரபைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி இப்படிச் சிறியவை தந்த சாட்சியம் என்பதை மறக்கக் கூடாது. பெரியவை எப்படி இருந்தன என்று இவற்றை வைத்தே ஊகிக்கிறோம்.

வெள்ளை உரிந்தது 1849இல். அப்போதைய பங்குத்தந்தை ழான்-பாப்தீஸ்த் பெரிகோ சுண்ணாம்புப் படலத்துக்குக் கீழே நிறங்கள் இருப்பதைக் கண்டு வெளிக்கொணர்ந்தார். செய்தி எட்டும் தூரத்திலேயே ஜார்ஜ் சாண்ட் இருந்தார். 1848 புரட்சியின்போது பாரிசில் தற்காலிக அரசுக்காக அறிக்கைகள் எழுதியவர், மே மாதத்தில் நோஆனுக்குத் திரும்பிவிட்டார். பெரியின் உழவர் வாழ்வைப் பற்றிய நாவல்களை அவர் எழுதிவந்த காலம். 'பிசாசுக் குட்டை' 1846இல் வந்துவிட்டது. அந்த மண்ணின் பழமைகள் அவருக்குப் பொழுதுபோக்கல்ல. பூஸாக் கோட்டையில் இற்றுக்கொண்டிருந்த 'சீமாட்டியும் ஒற்றைக்கொம்புக் குதிரையும்' திரைச்சீலைகளைப் பற்றி 1844இலேயே தம் 'ழான்' நாவலில் எழுதியிருந்தார். அந்தத் திரைச்சீலைகளை 1841இல் பார்த்து அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ப்ரோஸ்பெர் மெரிமே. விக் ஓவியங்களுக்காகவும் சாண்ட் அவரையே நாடினார்.

'கார்மென்' கதையை எழுதியவராகவே மெரிமேயைப் பலர் அறிவார்கள். அவருடைய பெரிய பணி வேறு. பழங்கட்டடங்களைக் காக்க அரசு ஒரு தலைமை ஆய்வாளரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அமைச்சர் கிஸோ 1830இல் ஏற்பாடு செய்தார். முதலில் லூதோவிக் வித்தே அப்பணியிலிருந்தார். 1834இல் மெரிமே வந்து 1860 வரை தொடர்ந்தார். குதிரை வண்டியில் மாவட்டம் மாவட்டமாகப் போய், இடிபாடுகளைக் குறித்து, உள்ளூர் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, பணம் கேட்டு அறிக்கை எழுதினார். வரலாற்றுச் சின்னங்களுக்கான ஆணையம் 1837இல் உருவானது. 1840இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களைக் கொண்ட முதல் பட்டியல் வந்தது. சான் சவானின் விதானம் விழாமல் காத்து, அதன் ஓவியங்களைப் பற்றி 1845இல் நூலும் எழுதியவர் அவர். சுவரோவியம் என்றால் என்ன, அது எப்படிக் கெடும் என்று அப்போது பிரான்சில் அவர் அளவுக்குத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. சாண்டுக்கும் அவருக்கும் 1833இல் ஏற்பட்ட சில நாள் நெருக்கம் கசந்து முடிந்திருந்தது. அரசியலிலும் இருவரும் எதிரெதிர் முனை. விக் விஷயத்தில் அதெல்லாம் குறுக்கே வரவில்லை. 1850இல் கோயில் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பங்குத்தந்தை கண்டெடுத்து, எழுத்தாளர் குரல்கொடுத்து, அதிகாரி கையெழுத்திட்டு அடுத்த ஆண்டே முடிந்த காரியம் இது. பிரான்சில் மரபுக் காப்பு என்ற பொதுப்பணி வேர்பிடித்த விதத்துக்கு இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மூவரில் ஒருவர் தளர்ந்திருந்தாலும் பழுது பார்க்கிறோம் என்று யாராவது புதுச் சாந்து பூசியிருப்பார்கள்.

1905 டிசம்பர் 9ஆம் நாள் சட்டம் அரசையும் திருச்சபையையும் பிரித்தது. அதன் பின் ஊர்க்கோயில்கள் ஊராட்சிகளின் சொத்தாக உறுதியாயின. வழிபாட்டு உரிமை மட்டும் கத்தோலிக்கரிடம் தொடர்கிறது. பராமரிக்க மனமில்லாத ஊராட்சிகள் கூரை விழும்வரை காத்திருந்து இடித்த நிகழ்வுகள் மலிந்தபோது, எழுத்தாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான மொரீஸ் பாரேஸ் நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுப்பி 1914இல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். 1913 டிசம்பர் 31ஆம் நாள் சட்டம் சின்னங்களுக்கு வலுவான பாதுகாப்புத் தந்தது. ஆனால் அது பட்டியலில் இருப்பவற்றுக்குத்தான். ஊராட்சிகளின் கையில் ஏறத்தாழ 40,000 கோயில்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை பட்டியலில் இல்லை. மக்கள் நகரங்களுக்குப் போய்விட்ட அந்த்ர் போன்ற மாவட்டங்களில், சில நூறு வரிசெலுத்துவோர் எண்ணூறு ஆண்டுக் கூரையைத் தாங்க வேண்டியிருக்கிறது. 2018இல் தொடங்கிய மரபுக் காப்பு லாட்டரி போன்ற ஏற்பாடுகள் கொஞ்சம் கைகொடுக்கின்றன; தேவையின் அளவுக்கு அவை காணாது. பட்டியலுக்கு வெளியே வெள்ளையடித்து நிற்கும் எத்தனையோ சுவர்களை இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அவற்றின் கூரை ஒழுகத் தொடங்கினால் சுண்ணாம்புக்குக் கீழே இருப்பதும் ஈரத்தில் உப்பிப் பொரிந்துவிடும். கூரையைச் செப்பனிடும் செலவுதான் சுவரோவியக் காப்பின் முதல் செலவு. இதை உணர்ந்து பணம் ஒதுக்க பிரெஞ்சு அரசு தயங்குவது சரியல்ல.

நோஆன் மாளிகையைச் சாண்டின் பேத்தி 1952இல் அரசுக்குக் கொடுத்தார். அதைப் பார்க்கப் போகும் வாய்ப்பு யாருக்காவது கிடைத்தால், அங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள விக்குக்கும் போக வேண்டும். கோயிலுக்குள் நுழைந்ததும் நேரே பீடக்கூடத்துக்கு நடந்துவிடாதீர்கள். முதலில் மக்கள் கூடத்தில் நின்று, நடுச்சுவரையும் திறப்பு வழியே தெரிவதையும் மட்டும் பாருங்கள். பிறகு உள்ளே போய்த் திரும்பி நின்று, அதே சுவரின் பின்முகத்தைப் பாருங்கள்.